இருநூறு பேர் என்றால் இருநூறு பேர்தான்

தெரிந்தெடுத்த சிலரிடம் மட்டும் பங்கையோ கடன்பத்திரத்தையோ விற்று நிறுவனங்கள் முதல் திரட்டுவதில் தவறில்லை. பொது வெளியீட்டின் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டுப்படியாகாது. வாங்குபவர் வரவு செலவைத் தானே படித்து எடைபோடக் கூடியவர், அல்லது நிறுவனத்தை நெருங்கி அறிந்தவர் என்ற நம்பிக்கையில்தான் 'பிரைவேட் பிளேஸ்மென்ட்' வழியைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கை எப்படி உடையும் என்பதைச் சகாரா விவகாரம் காட்டியது.

நண்பர்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டுமே கடன்பத்திரம் என்று சகாரா குழுமத்தின் இரு நிறுவனங்கள் எழுதிக்கொடுத்தன. நிறுவனப் பதிவாளர் அலுவலகம் அதைப் பதிவும் செய்தது. பணம் போட்டவர்கள் சுமார் 3 கோடிப் பேர். தொகை 24,000 கோடி ரூபாய்க்கு மேல். அன்றைய சட்டப்படி 50 பேரை எட்டினாலே அது பொது வெளியீடு. 'பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத எங்கள்மீது பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியமான செபிக்கு அதிகாரம் இல்லை' என்ற வாதத்தை 2012 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 15 சதவீத வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. ஆவணங்கள் 127 லாரிகளில் செபிக்கு வந்து இறங்கின. பணத்துக்கு உரியவர் யார் என்று சரிபார்ப்பதே பெரும்பாடாயிற்று.

2013-ன் நிறுவனச் சட்டம் 42-வது பிரிவில் கடிவாளத்தை இறுக்கியது. தகுதிபெற்ற நிதி நிறுவனங்களையும் பங்குத்திட்ட ஊழியர்களையும் நீக்கி, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கூடாது. விளம்பரம் கூடாது. ரொக்கம் வாங்கக் கூடாது. ஆனால் பங்கு, முன்னுரிமைப் பங்கு, கடன்பத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 200 என்கின்றன விதிகள். அதைவிடப் பெரிய ஓட்டை, ஒதுக்கீட்டு நாளோடு தலைக்கணக்கு நின்றுவிடுவது. நாலு பெரும்புள்ளிகள் வாங்கி, மறுவாரமே துண்டு துண்டாக நானூறு சிறு சேமிப்பாளர்களிடம் விற்றால், அந்த நானூறு பேர் கையில் பொது வெளியீட்டுக்குரிய தகவலறிக்கை இருக்காது.

பொதுமக்களிடம் மறுவிற்பனை செய்யும் நோக்கில் ஒதுக்கப்பட்ட பத்திரத்தைப் பொது வெளியீடாகவே கருத 25-வது பிரிவு வழி தருகிறது. ஒதுக்கீட்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் விற்பனைக்கு வந்தால் அதையே அந்த நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்கிறது. அந்தப் பிரிவை முறைப்பாடு வரும்வரை தூங்கவிடக் கூடாது. பட்டியலிடப்படாத பொது நிறுவனங்களின் புதிய பத்திரங்களும் 2018 அக்டோபர் முதல் டிமேட் என்னும் மின்னணு வடிவில்தான் வருகின்றன. எந்தப் பத்திரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது அவற்றைப் பதிந்துவைக்கும் டெபாசிட்டரிகளின் கணினியிலேயே உள்ளது. ஆறு மாதத்துக்குள் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியதும் செபிக்கும் நிறுவனப் பதிவாளருக்கும் தானாகவே தகவல் போக வேண்டும். 127 லாரிகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையைவிட இது எளிது. பணம் கரைவதற்கு முன்பே நடக்கக் கூடியதும்கூட.