சுவருக்கு அந்தப்புறம்

ஆவடிப் பக்கம் ஹவுஸ் ஓனர்களுக்கு ஒரு விசேஷ சக்தி உண்டு. தண்ணீர்த் தொட்டி காலியாகிற வேகத்தை வைத்தே, குடித்தனக்காரர் வீட்டில் எத்தனை விருந்தாளி என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார்கள். இதையே ராடார் வைத்துச் செய்கிற கருவி ஒன்றை பெங்களூரில் டி.ஆர்.டி.ஓ.வின் எல்.ஆர்.டி.இ. கூடம் உருவாக்கியது. பெயர் 'திவ்யசக்ஷு'. வியாசர் சஞ்சயனுக்குக் கொடுத்தாரே, அந்த மாதிரி!

ரேடியோ அலை செங்கல் சுவரை ஊடுருவிப் போய், உள்ளே இருப்பவர் மேல் பட்டுத் திரும்பும். ஆசாமி ஆடாமல் அசையாமல் இருந்தாலும் மூச்சு விட்டாக வேண்டுமே! நெஞ்சு ஏறி இறங்குவது காட்டிக் கொடுத்துவிடும். இரும்புத் தகடு என்றால் மட்டும் பாச்சா பலிக்காது. ஆக, ஆவடியில் செய்கிற டாங்கிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் தப்பிக்கலாம்.

சிரிப்பு இருக்கட்டும். 2014 ஜூன் 28-ல், நம்ம போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இடிபாட்டுக்குள் எந்த மூலையில் உயிர் இருக்கிறது என்று தேடுவதிலேயே பொன்னான நேரம் போய்விடுகிறது. மறு வருஷம் நேபாள பூகம்பத்தில் நாஸாவின் 'ஃபைண்டர்' என்ற சூட்கேஸ் சைஸ் ராடார், இதயத் துடிப்பை வைத்தே 4 பேரைக் கண்டுபிடித்தது. சுமார் 10 அடி இடிபாட்டுக்கு அடியில்!

இப்படி ஒரு கருவி ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் இருக்கட்டும் ஸார். ஹவுஸ் ஓனர் கையில் மட்டும் கிடைத்துவிடக் கூடாது. மூச்சுக்கு இத்தனை ரூபாய் என்று வாடகை போட்டுவிடுவார்!