குடல் நோயாளிக்குப் பத்தியமா, பட்டினியா?

மதுரையைச் சூழ்ந்த கிராமங்களில் நீடித்த வயிற்றுப்போக்கோடும் இரத்தப்போக்கோடும் அவதியுறும் ஒருவனுக்கு முதலில் கிடைப்பது மருந்தன்று, உபதேசமேயாம். ‘காரத்தை விடு’ என்பார் ஒருவர்; ‘பாலை விடு’ என்பார் மற்றொருவர்; ‘பருப்பு ஆகாது, பழம் ஆகாது, மீன் ஆகவே ஆகாது’ என்பார் மூன்றாமவர். எல்லோர் சொல்லையும் கேட்டு முடிப்பதற்குள் அவன் வட்டிலில் வெறுங் கஞ்சியும் உப்புமே மிஞ்சுகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல எலும்புந் தோலுமாகிறான். நோய் தின்றது பாதி. பத்தியம் தின்றது மீதி. இவ்வநியாயத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் எழுத முற்பட்டோம்.

குடல் அழற்சி நோய் இரு வகைப்படும். பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குவது ஒன்று. இதனை அல்ஸரேடிவ் கோலைட்டிஸ் என்பர். லண்டன் வைத்தியர் ஸாமுவேல் வில்க்ஸ் 1859-லேயே இதைப் பற்றி எழுதினார். வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் பற்றிக் குடற்சுவரை ஆழ ஊடுருவுவது மற்றொன்று. 1932-ல் நியூயார்க்கில் இதை விவரித்தவர்களுள் ஒருவரான பர்ரில் கிரோனின் பெயரால் இது கிரோன் நோய் எனப்படுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலின்மேற் பாய்வதுதான் இரண்டிலும் நிகழ்வது. இது பிறருக்குத் தொற்றாது; நோயாளி தின்று தேடிக்கொண்ட வினையுமன்று. மேனாட்டு நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது இன்று இந்தியாவிலும் பெருகி வருகிறது. நம் நாட்டிலோ குடலைப் பற்றும் காசநோயும் கிரோன் நோயும் ஒன்று போலவே தோன்றும்; மருந்துகளோ வெவ்வேறு. இன்ன நோயென்று தெளியுமுன் பத்தியம் விதிப்பது இருட்டில் எய்த அம்பேயாகும்.

நிற்க, ஆகாரத்தின் முறை யாது? நோய் முற்றி நிற்குங் காலமும் அடங்கியிருக்குங் காலமும் வேறு வேறு என்பதை அறிதலே முதற்படி. முற்றிய காலத்தில் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு, மசித்த காய், வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், மோர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம். குடல் சுருங்கி வழி குறுகியவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கரும்பு போன்ற நாருள்ளவற்றை விலக்க வேண்டும். நோய் அடங்கியபின் கீரையும் பருப்பும் பழமும் ஒவ்வொன்றாக இலைக்குத் திரும்பி வருதல் அவசியம். பாலைச் சகியாத வயிறு நம்மவரிற் பலருக்கு உண்டு; அதற்காகத் தயிரையும் மோரையும் எல்லோரிடமிருந்தும் பறித்துவிடுவது நியாயமாகாது. இரத்தம் இழந்தவனுக்கு இரும்புச் சத்து வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதி கெட்டவனுக்கு பி-12 என்னும் வைட்டமின் வேண்டும். ஸ்டீராய்டு உண்பவனுடைய எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெறுங் கஞ்சி இவற்றுள் எதைக் கொடுக்கும்?

சிறுதானியங்களுக்கென உலகம் கொண்டாடிய 2023-ஆம் ஆண்டு முதல் குதிரைவாலியும் வரகும் சர்வரோக நிவாரணிகளாகப் போற்றப்படுகின்றன. நமது மானாவாரி நிலத்தின் செல்வங்களான அவற்றில் நமக்கும் பெருமையுண்டு. ஆயினும் புண்பட்டுச் சுருங்கிய குடலுக்கு நார் மிகுந்த தானியத்தைப் புகட்டுவது நன்மையாகாது. ஊருக்கெல்லாம் நல்லது ஒருவனுக்கு அந்தச் சமயத்தில் தீதாகலாம்.

பழைய சோற்றின் கதையும் இத்தகையதே. ஏழையின் உணவென்று இகழப்பட்ட அதனைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையார், மாநிலத் திட்டக் குழுவின் பொருளுதவியோடு, இந்நோயாளிகளுக்கு எவ்வளவு பயன்படும் என்று ஆராயப் புகுந்தனர். இதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆக்கி ஆறிய சோற்றின் மாவுச் சத்தில் ஒரு பகுதி சிறுகுடலிற் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் பெருங்குடற் சவ்வுக்கு உணவாகும் அமிலங்களாக மாற்றுகின்றன. அத்தகைய மாவுச் சத்தை உப்பு, சர்க்கரைக் கரைசலிற் சேர்த்துக் கொடுத்தால் காலராவின் பேதி விரைவில் நிற்கிறதென்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2000-ல் காட்டினர். எனினும், பேதிக்கு உதவியது குடல் அழற்சிக்கும் உதவுமென்பது தனியே நிரூபிக்கப்பட வேண்டியதே. முன்னோர் உண்டதென்பதால் ஓர் உணவு மருந்தாகிவிடாது. ஏழை உண்டதென்பதால் இழிவுமாகாது. சோதித்து முடிவு காண்பதே சுயமரியாதையுள்ள ஜனங்களுக்கு அழகு. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துண்போர் சுத்தமில்லாத நீரில் ஊறிய சோற்றை உண்ணலாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

ஆகாரமே மருந்தாவதும் உண்டு. கிரோன் நோயுற்ற குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை சத்துத் திரவத்தை மட்டுமே ஊட்டி நோயை அடக்குவது வைத்தியர் கைக்கொள்ளும் முறை. ஆனால் அஃது அளவறிந்து செய்யும் சிகிச்சை. பெருங்குடற் புண்ணுக்கு அது பலிப்பதுமில்லை. ஆதலின் மாத்திரையை எறிந்துவிட்டுப் பத்தியத்தை மட்டும் பற்றுவோர் அடங்கிய நெருப்பை ஊதிவிடுகின்றனர் என்று எச்சரிக்கிறோம். புகையிலையை விடச் சொல்வாரைக் காணோம். கிரோன் நோயாளி முதலில் விட வேண்டியது பீடியும் சிகரெட்டுமேயாம்.

மதுரை இராஜாஜி அரசு ஆஸ்பத்திரியை நாடி விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். வழியில் கக்கூஸ் கிடைக்குமோ என்றஞ்சி, முந்தின இரவே உணவை நிறுத்திப் பசியோடு பஸ் ஏறும் நோயாளியின் துயரத்தை அறிந்தவர் எத்தனை பேர்? அவனைப் பட்டினி போடுவது நோய் மட்டுமன்று. நமது ஊராட்சிகளும் நகராட்சிகளுமே.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. குடல் நோய்ச் சிகிச்சை நடக்கும் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் நோயாளியோடு உட்கார்ந்து பேசும் ஆகார நிபுணர் இருத்தல் வேண்டும். நோய் முற்றிய காலத்திற்கும் அடங்கிய காலத்திற்கும் உரிய உணவு, நம்மூர்ப் பண்டங்களின் பெயரால், எளிய தமிழில் அச்சிட்டு வழங்கப்பட வேண்டும். பஸ் நிலையந்தோறும் சுத்தமான கக்கூஸ் இராப்பகலாகத் திறந்திருத்தல் வேண்டும். பொதுக் காரியங்களில் உழைக்கும் அன்பர்கள் மூன்றாவதையேனும் தத்தம் ஊரில் இவ்வாண்டே நிறைவேற்றலாம். நோயாளியைக் காணச் செல்லும்போது, ‘இதை விடு’ என்னும் உபதேசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ‘இன்று என்ன சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள்.