மணிக்கட்டில் ஓர் ஊசி!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நோயாளிக்கோ அப்போதுதான் சோதனை தொடங்குகிறது. குமட்டல்! வாந்தி! வயிற்றில் தையல் போட்டவனுக்கு ஒவ்வொரு ஓங்கரிப்பும் உயிரை வாங்குகிறது. மயக்க மருந்து பெற்று ஆபரேஷன் செய்துகொள்வோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேருக்கு இந்த அவதி. கூலிக்காரன் வீடு திரும்பும் நாள் தள்ளிப் போனால், அவன் வீட்டில் அடுப்பு எரியும் நாளும் தள்ளிப் போகும்.

இதைத் தடுக்க மருந்து உண்டு. இன்னொரு வழியும் உண்டு. அதுதான் சீனத்து அக்குபங்சர். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, கையின் நடுவே ஓர் இடம். 'நெய்குவான்' என்பது அதன் சீனப் பெயர். அங்கே மெல்லிய ஊசி குத்துகிறார்கள்; விரலால் அழுத்துவதும் உண்டு.

"சீனத்துக் கட்டுக்கதை" என்று சிரிப்போர் உண்டு. "பழமையானது, ஆகவே பொய்க்காது" என்று கும்பிடுவோரும் உண்டு. இருவருக்கும் நாம் சொல்வது ஒன்றே: சோதித்துப் பார்!

சோதித்தார்கள். பெல்பாஸ்ட் நகரத்து குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்துத் துறைப் பேராசிரியர் ஜான் டண்டீ, 1986-இல் தம் சோதனை முடிவை வெளியிட்டார். வாந்தி குறைந்தது! 2015-இல் காக்ரேன் ஆய்வாளர்கள் 59 சோதனைகளை, 7,667 பேரின் கணக்கை, ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குமட்டல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாந்தி மருந்துகளோடு ஒப்பிட்டபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. பல சோதனைகளில் குறை உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இவ்வளவுதான் நிரூபணம். இதைக் காட்டிப் புற்றுநோயையே போக்குவேன் என்று ஒருவன் கடை விரித்தால், அதற்குப் பெயர் வழிப்பறி!

விரலால் அழுத்தக் காசு வேண்டியதில்லை. விற்பதற்கு ஏதுமில்லாத ஒன்றுக்கு எந்த முதலாளி விளம்பரம் செய்வான்? ஆகவே மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரிகளே முன்வர வேண்டும். நர்சுகளுக்கு இதைப் பழக்க வேண்டும். மருந்தை நிறுத்தாமல், அதோடு சேர்த்துச் செய்யவேண்டும்.

தோழர்களே! ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் வாய் திறந்து பேசுங்கள். முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது வாந்தி எடுத்ததுண்டா, பஸ் பயணம் குமட்டுமா, சொல்லிவிடுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு!