நீச்சல் பயிற்சி: உதவுவதாகத் தோன்றி ஊறு விளைவிக்கும் கருவிகளும் பழக்கங்களும்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பிள்ளைகள் கோடை விடுமுறையில் பாசனக் கிணறுகளிலும் ஏரிகளிலும் நீச்சல் பழகுகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாமிடம் வகிக்கிறது. எனவே நீச்சல் தேவை. ஆனால் பழகும் முறையே ஆபத்தாகிவிடக் கூடாது.

மிதவைகள் தரும் பொய்யான துணிவு

சுரைக்குடுக்கை, காலி பிளாஸ்டிக் கேன், டயர் டியூப் ஆகியவை மிதக்க உதவும். முகத்தை நீருக்கு மேல் நிறுத்தி வைக்கும் என்ற உறுதி இல்லை. முதுகில் கட்டிய கேன், உடல் தளர்ந்த பிள்ளையின் முகத்தை நீருக்குள் அமிழ்த்தக்கூடும். கட்டு இடுப்புக்கு நழுவினாலோ டியூப் கவிழ்ந்தாலோ தலை கீழாகி, பிள்ளையால் தானே நிமிர இயலாமற் போகலாம். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகள் நீரில் நிமிர்ந்து நிற்கும் நிலையையே பழக்குகின்றன. நீந்துவதற்கோ உடல் கிடைமட்டமாக இருத்தல் வேண்டும். இவற்றை நம்பிப் பெற்றோர் கண்ணை எடுப்பதே பெரும் ஆபத்து.

மூச்சடக்கும் போட்டி

உள்நீச்சலுக்கு முன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிடும் பழக்கம் உயிரைப் பறிக்க வல்லது. மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாக இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சுவிடும்போது அது குறைகிறது. பிராணவாயுவோ குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. ஆகவே மூச்சுத் திணறலை உணரும் முன்னரே மூளைக்குப் பிராணவாயு குறைந்து, நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். கூச்சலோ தத்தளிப்போ இராது. நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு இறக்கின்றனர்.

தோளுக்குச் சுமை

நீச்சல் குளங்களில் கையில் மாட்டும் துடுப்புத் தட்டுகள் நீரின் எதிர்ப்பைக் கூட்டித் தோள் தசைநாண்களுக்குச் சுமை ஏற்றுகின்றன. தறியில் நாடாவை இயக்க நாள்தோறும் கயிற்றை இழுக்கும் நெசவாளர்கள், தோள்வலி இருப்பின் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டுப் பழக்காதீர்கள். நெஞ்சளவு ஆழத்திற்கு மிகாத நீரில் தொடங்குங்கள்.
• நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், கைக்கெட்டும் தொலைவில், கைப்பேசியின்றி உடனிருக்க வேண்டும்.
• மூச்சடக்கும் போட்டியை முற்றிலும் தடுத்திடுங்கள்.
• எவரேனும் மூழ்கினால், பயிற்சியற்றோர் குதிக்காமல் கயிறோ மூங்கிலோ நீட்ட வேண்டும்.
• மீட்கப்பட்டவரின் வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகச் சுற்றுவதும் வேண்டா. மூச்சு இல்லையெனில் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் அளித்து, 108க்கு அழையுங்கள்.
• மீட்கப்பட்டவர் நலமாகத் தோன்றினாலும், இருமலோ மூச்சுத் திணறலோ இருப்பின் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.