அருகில் உள்ளவரை நாடிய அரசு

2020 மார்ச்சில் கேரள அரசு வெளியிட்ட ‘ஜிஓகே டைரக்ட்’ செயலியை உருவாக்கியது, கோழிக்கோட்டின் கியூகாப்பி என்னும் சிறு நிறுவனம். இணையம் இல்லாதோருக்கும் கொரோனா விவரங்கள் குறுஞ்செய்தியாகச் சென்றன. சிக்னல் வந்து வந்து போகும் ஆனைகட்டி போன்ற எல்லையோர மலையூர்களுக்கு அதுவே பேருதவி.

அடுத்த மாதமே அதே அரசு நோய்த்தொற்றுத் தரவுகளை அமெரிக்காவின் ஸ்பிரிங்ளர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது சர்ச்சையானது. மக்களின் ஒப்புதல் பெற்று, அடையாளங்களை நீக்கியே தரவுகளைத் தர வேண்டுமென உயர் நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று இடைக்கால ஆணையிட்டது. சேவை இலவசம் என்றார்கள். இலவசம் என்றாலே ஒப்பந்தத்தை இருமுறை படிப்பது வங்கியாளரின் இயல்பு.

உள்ளூர் நிறுவனங்களுக்கே முதல் வாய்ப்பு என்பது என் கருத்து. ஆனால் பாராட்டைக் கொண்டு ஊதியம் வழங்க இயலாது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டுமென 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அது தவறும்போதுதான் நடைமுறை மூலதனக் கடன் கேட்டு அவர்கள் எங்கள் கிளைக்கு வருகிறார்கள்.