துடிப்பு வேறு, தாளம் வேறு

நாட்டார் பாடல்களை மின்னிசையோடு இணைக்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. நெய்தல் நிலத்து அம்பாப் பாட்டும் இதற்கு விலக்கன்று. இம்முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அவற்றுள் பலவற்றில் ஒரே வழிமுறையைக் காண்கிறோம்: முதலில் இயந்திரத்தின் சீரான துடிப்பை ஓடவிடுகிறார்கள், பிறகு அதற்குள் அடங்குமாறு பாட்டை வெட்டியும் நீட்டியும் பொருத்துகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கருத்து. கருவியின் இயல்பை அறிந்தால் இது விளங்கும்.

அனலாக் சின்தசைசரில் யாவும் மின்னழுத்தத்தால் நடப்பவை. அதன் 'கிளாக் ஜெனரேட்டர்' என்னும் துடிப்பாக்கி, சம இடைவெளியில் மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒரு குமிழைத் திருகினால் துடிப்பு விரையும். மறுபுறம் திருகினால் தளரும். இத்துடிப்புகளைப் பெற்றுப் படிப்படியாக நகர்வது சீக்வென்சர். ராபர்ட் மூக் உருவாக்கிய 960 என்னும் சீக்வென்சரில் எட்டுப் படிகள் உண்டு; ஒவ்வொரு படிக்கும் மூன்று குமிழ்கள். துடிப்பு வந்ததும் அடுத்த படிக்கு முறை வருகிறது. அப்படியில் குறித்துவைத்த மின்னழுத்தம் சுருதியாகவோ ஒலியளவாகவோ வெளிப்படுகிறது.

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களின் 'பாடு' முறையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில், ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களில் யார் எப்போது வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று யாருடைய முறை என்பதை மட்டுமே பாடு சொல்லும். வலையில் என்ன விழும் என்பதை நீரோட்டமும் பருவமும் வலைஞரின் கைத்திறனும் அல்லவா முடிவுசெய்கின்றன? துடிப்பாக்கியும் அத்தகையதே. அது முறையை அறிவிக்கிறது. எந்தத் துடிப்பில் ஒலிப்பது, எதில் வாளாவிருப்பது, எதனை அழுத்துவது என்று தெரிந்தெடுப்பவனிடமே தாளம் பிறக்கிறது.

இந்தத் துடிப்பை இயற்கை விதிபோல் கருதுவதும் பிழை. மும்பையின் சரண்ஜித் சிங் 1982ஆம் ஆண்டில் ரோலண்டு நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8 ஆகியவற்றைக் கொண்டு 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை உருவாக்கினார். அன்றைய ரோலண்டு கருவிகள் தம்முள் ஒத்தியங்கக் கால் சுரத்துக்கு 24 துடிப்புகள் என்ற கணக்கைக் கொண்டிருந்தன. அந்தக் கால் சுரத்தை நம் அட்சரமாகக் கொண்டு பாருங்கள். 24ஐ மூன்றால் வகுத்தால் எட்டு. நான்கால் வகுத்தால் ஆறு. திசிரமும் சதுசிரமும் தடையின்றி அமர்கின்றன. ஐந்து, ஏழு, ஒன்பது ஆகியவற்றால் 24 மீதியின்றி வகுபடாது. ஆகவே கண்டம், மிசிரம், சங்கீரணம் மூன்றும் வெளியே நிற்கின்றன. நம் ஐந்து சாதிகளுள் இரண்டுக்கே அந்தக் கணக்கில் எளிதாக இடமுண்டு. துடிப்பைப் பகுக்கும் வேறு சுற்றுகளைக் கொண்டு மற்றவற்றையும் பெறலாம் என்பது உண்மையே. எனினும், 24 என்பது யாரோ தம் தேவைக்காகத் தெரிவுசெய்த எண் என்பதை மறக்கலாகாது.

இனி அம்பாவுக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் கரைவலை இழுப்போரின் பாட்டில் ஒருவர் முன்னெடுப்பார். மற்றவர் ஏற்றுப் பாடுவர். வலை கனத்தால் பாட்டுத் தளரும். கயிறு இளகினால் விரையும். மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் இடைவெளி விழும். இந்த ஏற்ற இறக்கங்களைத் தாளப் பிழை என்று கருதிச் சமன்செய்யும்போது, பாட்டிலிருந்து வலையின் பாரத்தையே இறக்கிவைத்துவிடுகிறோம். சொற்கள் எஞ்சும், உழைப்பு மறைந்துவிடும். விசைப்படகு வந்தபின் துடுப்புப் பாட்டின் தேவை குறைந்துவிட்டது. அருகிவரும் ஒரு மரபின் ஒலிப்பதிவில் இவ்வாறு கைவைப்பது, ஓலைச்சுவடியின் பாடத்தைப் பதிப்பாசிரியர் தம் விருப்பப்படி திருத்துவதற்கு ஒப்பானது.

மாற்றுவழி அக்கருவியிலேயே இருக்கிறது. அனலாக் சீக்வென்சர்கள் பலவற்றில் வெளித்துடிப்பை ஏற்கும் துளை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் துடிப்பாக்கியை நிறுத்திவிட்டு, இழுப்போரின் குரலெழுச்சியையோ காலடி ஓசையையோ ஒலிவாங்கியால் பெற்று, அதனை மின்துடிப்பாக மாற்றும் சிறு சுற்றின் வழியே அத்துளைக்குள் செலுத்தலாம். அப்போது குரல் எழும் ஒவ்வொரு முறையும் கருவி ஒரு படி நகரும். குரல் தயங்கினால் கருவியும் காத்து நிற்கும். காற்றொலியும் அலையோசையும் இடையில் புகுந்து கருவியைத் தடுமாறச் செய்யக்கூடும். அதைச் சீர்செய்யும் பொறுப்பு இசையமைப்பாளருடையது, பாடுவோருடையது அன்று.

ஆடுவதற்குச் சீரான துடிப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். சரண்ஜித் சிங் செய்தது அதுவே. ஆட்டத்துக்கான இசை என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அவ்வாறு சொல்லிச் செய்வதில் நமக்கு மறுப்பில்லை. வெட்டிப் பொருத்திய ஒன்றை 'மீனவர் பாடல் மீட்பு' என்ற பெயரில் மேடையேற்றுவதையே மறுக்கிறோம். மீட்பதாகச் சொல்பவர், இயந்திரத்தைப் பாட்டின் பின்னே நடக்கப் பழக்கட்டும்.