கோடுகளை ஒப்பிக்க வைக்காதீர்கள்



அட்சக்கோடு என்றால் என்ன என்று கேட்டால், "பூமியின் மேல் வரைந்த கற்பனைக் கோடு" என்று குழந்தை ஒப்பிக்கிறது. அது எதற்கு என்றால் விழிக்கிறது. வரையறை கடைசியில் வந்தால் போதும் என்பது என் கருத்து.

முதலில் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நம் அட்சம். சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 பாகை.

தீர்க்கக்கோட்டுக்குக் கடிகாரம் போதும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டு நேரத்துக்குரிய தீர்க்கக்கோடு 82½ பாகை. வகுத்துப் பார்க்கட்டும், லண்டன் கிரீன்விச்சைவிட நாம் ஐந்தரை மணி முந்தியிருப்பது ஏன் என்று தானே சொல்லும். தானே கண்டதைக் குழந்தை மறக்காது.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஐந்து முஷ்டி வர வேண்டும். அளந்து எழுதுங்கள்.